பால் கொடுக்காத டொக்டரின் கதை

என் வேலையில் பாதி தாய்ப்பாலைப் பற்றிக் கதைப்பதுதான். பரந்தன் – முல்லைத்தீவு வீதியை ஒட்டிய கிராமங்களில் குடும்பநல மருத்துவமாதுவாக இருக்கிறேன். சனம் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று கூப்பிடும். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரமாவது போகவேண்டும். போனதும் முதலில் பார்ப்பது, பிள்ளை மார்பைச் சரியாகப் பிடிக்கிறதா என்றுதான். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர்கூட வேண்டாம், பால் மட்டும் போதும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுவேன். லண்டனில் இருக்கும் பெறாமகள் போன விடுமுறைக்கு வந்தபோது ஒரு புத்தகத்தை நீட்டினாள். “சித்தி, அட்டையில பால் எண்டு இருந்துது, உங்களுக்கெண்டே வாங்கினனான்.”

நோரா இக்ஸ்டெனா எழுதிய ‘சோவியத் மில்க்’. முன்பு சோவியத் ஆட்சிக்குள் இருந்த லத்வியா நாட்டின் நாவல். அங்கே 2015இல் வந்தது. மார்கிதா கைலிதிஸ் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர, பிரித்தானியாவின் பெய்ரீன் பிறஸ் 2018இல் வெளியிட்டிருக்கிறது. இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். கிளினிக் கைப்பைக்குள் வளர்ச்சி அட்டைகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலமும் பயப்படுத்தாது. சின்னச் சின்ன வசனங்கள். ஏ.எல். வரை படித்தவர்கள் அகராதியை இடைக்கிடை பார்த்துக்கொண்டே வாசித்து முடிக்கலாம். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள். ஆனால் எவருக்கு, எப்போது கொடுக்கலாம் என்பதில் எனக்குச் சில கருத்துகள் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

கதையில் வரும் தாய்க்கும் மகளுக்கும் பெயர் இல்லை. தாய் கொஞ்சம் சொல்லுவார், பிறகு மகள் கொஞ்சம் சொல்லுவாள். அப்படி மாறி மாறித்தான் முழு நாவலும். தாய் 1944 ஒக்டோபரில் லத்வியாவின் தலைநகரான ரீகாவில் பிறக்கிறார். ஜேர்மன் படை போய் சோவியத் படை திரும்பி வந்த அதே மாதம். மகள் பிறப்பது 1969 ஒக்டோபர் 15. தாய் ஒரு டொக்டர். பெண்களின் கர்ப்பப்பையைப் பற்றியே படித்து, பிள்ளை தங்காதவர்களுக்கு வழி தேடுகிறவர். அப்படிப்பட்டவர் தன் பிள்ளையைப் பெற்றவுடன் வீட்டைவிட்டுக் காணாமல் போகிறார். ஐந்து நாள். திரும்பி வரும்போது மார்பு நொந்து, பால் வற்றிவிட்டது.

ஏன் போனார்? தனக்கு உயிர் வாழ விருப்பமில்லை. வாழ விருப்பமில்லாத ஒருத்தியின் பால் தன் பிள்ளைக்குள் போகக்கூடாது என்று நினைக்கிறார். அந்தப் பால் கசப்பு என்று நம்புகிறார். பிள்ளையை அதிலிருந்து காப்பாற்றியதாகத்தான் அவரது கணக்கு. கொடுக்காமல் விட்டதை அன்பு என்று சொல்லுகிற ஒரு தாயை நான் வேறு எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. நேரில் கண்டிருக்கிறேன்.

அந்த ஐந்து நாளில் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்ற இடம்தான் எனக்கு இந்த நாவலின் உயிர். அம்மம்மா கமோமில் பூவில் வடித்த தேத்தண்ணியைப் பருக்குகிறார். பிறகு பால்மாவுக்காகக் குழந்தைகளுக்கு உணவு கொடுக்கும் நிலையத்துக்குப் போகிறார். அங்கே இருக்கும் டொக்டர் ரஷ்ய மொழியில் தாயைக் கேவலமாக ஏசி, ஏசி முடித்த பிறகு துண்டு எழுதிக் கொடுக்கிறார். இவ்வளவும் அரைப்பக்கம் வருமோ தெரியாது. துண்டு கையில் கிடைக்கும்வரை அந்தக் கிழவி வாய் திறக்காமல் நின்றிருப்பார் என்பது எழுதாமலே விளங்குகிறது.

2009இல் வன்னியில் இருந்தவர்களுக்கு இந்த அரைப்பக்கத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று இடம் மாறி மாறிப் போன அந்த மாதங்களில் தாய்மாருக்குச் சாப்பாடே இல்லை. பால் எங்கிருந்து வரும்? பங்கருக்குள் கைக்குழந்தைக்குக் கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்த அம்மம்மாமாரை எனக்குத் தெரியும். சீனி இல்லாத பிளேன்ரீயைக் கரண்டியால் பருக்கியவர்களையும் தெரியும். பால்மா ஒரு பெட்டிக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. அப்போது பிறந்து தப்பிய பிள்ளைகளில் சிலர் இப்போது ஓ.எல். எழுதிவிட்டார்கள். அவர்களின் தாய்மாரிடம் ‘நீங்கள் பால் கொடுத்தீர்களா’ என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

ஆனால் லத்வியத் தாயின் கதை அதிலிருந்து வேறு. அவருக்குச் சாப்பாடு இருந்தது. ஷெல் விழவில்லை. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிற ஒரு வீடு. அப்படி இருந்தும் பால் கொடுக்க முடியவில்லை என்றால் சனம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இங்கேயும் அதைத்தான் சொல்லுகிறார்கள். யுத்தத்தில் பால் வற்றினால் பாவம் என்பார்கள். யுத்தம் முடிந்து, வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டி, பால்சுறாவும் முருங்கையிலையும் உள்ளியும் போட்டுப் பத்தியக்கறி வைத்துக் கொடுத்த பிறகும் பிள்ளை பெற்ற ஒருத்தி மார்பை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தால், ‘உவளுக்குக் கொழுப்பு’ என்பார்கள். மாமியார் சொல்லுவார், பக்கத்து வீட்டார் சொல்லுவார், ஒரு கிளினிக்கில் வெள்ளை உடுப்புப் போட்டவர்களே சொல்ல என் காதால் கேட்டிருக்கிறேன். இக்ஸ்டெனா அந்தச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிய பெண்ணைக் கூப்பிட்டு, நூற்றுச்சொச்சம் பக்கம் அவரையே கதைக்க விடுகிறார். இந்தப் புத்தகம் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

எங்களிடம் இப்போது ஒரு படிவம் இருக்கிறது. பிள்ளை பெற்றுக் கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் தாயிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுவோம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற எடின்பரோ படிவம், பத்துக் கேள்விகள். சிரிக்க முடிகிறதா, நித்திரை வருகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று போய், பத்தாவது கேள்வி தனக்குத்தானே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். ஒன்பது கேள்விக்கும் கெதியாகக் கோடு போட்டுவிட்டுப் பத்தாவதில் பேனையைத் தூக்கிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் நான் வாசல் பக்கம் நிற்கும் மாமியாரைத் தேத்தண்ணி கேட்டு அனுப்பிவிடுவேன். படிவம் வந்தது 1987இல். 1969இல் ரீகாவில் அந்தத் தாயிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எவருமில்லை. கேட்டிருந்தாலும், சோவியத் நாட்டில் ஒரு டொக்டர் எனக்கு வாழ விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையில் இருந்திருப்பாரா? நாவல் முழுக்க அவர் அந்தப் பத்தாவது கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

கதையின் நடுவில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் வருகிறது. தாய்க்கு அங்கே ஆராய்ச்சி செய்யும் வாய்ப்புக் கிடைக்கிறது. பிள்ளை தங்காத பெண்களுக்கான சிகிச்சையில் அந்தக் காலத்துக்கு மிகப் புதிய வேலை. அங்கே செராபிமா என்ற பெண்ணைச் சந்திக்கிறார். புருஷன் போரில் நின்று வந்தவன்; குடித்துவிட்டு அடிப்பவன். செராபிமாவுக்குப் பிள்ளை வேண்டும். டொக்டர் தன் கையாலேயே அவளைக் கருத்தரிக்க வைக்கிறார். பிறகும் அவன் அடிக்கிறான். அப்போது இந்த டொக்டர் அவனைத் திருப்பி அடிக்கிறார். அதோடு ஆராய்ச்சி போச்சு, லெனின்கிராட் போச்சு. லத்வியாவில் ஒரு கிராமத்துச் சிறு மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிப் போடுகிறார்கள்.

அந்த இடத்தை வாசித்தபோது எனக்குப் புத்தகத்தை மூட முடியவில்லை. அடிவாங்கின பெண்ணை எங்கள் கிளினிக்கில் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கும் பயிற்சி தந்திருக்கிறார்கள். எங்கே அனுப்புவது, எவரோடு கதைப்பது, எதை எழுதுவது எல்லாம் தெரியும். முதுகில் பனைமட்டைத் தழும்போடு வந்து ‘மிஸ், கிணத்தடியில வழுக்கினது’ என்று சொன்னவளுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் கைக்குள் வரும் கோபத்தை இக்ஸ்டெனா அறிந்து எழுதியிருக்கிறார். அடித்தது சரியா என்று நாவல் நின்று விசாரிப்பதில்லை. அடித்ததற்கு டொக்டர் கொடுத்த விலையையும், அடித்தே வாழ்ந்த அந்தப் புருஷனுக்கு ஒன்றும் நடக்காததையும் காட்டிவிட்டுப் போகிறது.

கிராமத்தில் மகளும் கூட இருக்கிறாள். இங்கே முறை தலைகீழாகிறது: பிள்ளை தாயைப் பார்த்துக்கொள்கிறது. சமைப்பது, வீட்டைச் சூடாக்குவது, தாய் எழும்பினாரா என்று கவனிப்பது எல்லாம் அவள் பாடு. அறைக்குள் சிகரெட் புகை, புத்தகங்கள், குளிசைகள். வெளியில் மருத்துவ நிலைய வாசலில் அந்த ஊர்ப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே போனால் அதே தாய் ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகக் காது கொடுக்கிறார். மற்றவர்களின் பிள்ளைக்காக அவ்வளவு செய்யும் கை, சொந்த மகளின் தலையைத் தடவ எழும்புவதில்லை. யெஸ்ஸே என்று ஒரு பாத்திரம் அங்கே வருகிறது. ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றுக்குள் அடங்காத உடம்போடு பிறந்து, ஊரால் ஒதுக்கப்பட்டவர். இந்த மூன்று பேரும் சேர்ந்து இருக்கும் பக்கங்களில்தான் நாவலில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. யெஸ்ஸேயைக் குறையே இல்லாத ஆளாக எழுதிவிட்டாரோ என்று எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஆனாலும் அவர் வரும் பக்கங்களை நான் திரும்ப எடுத்து வாசித்தேன்.

மகளின் பக்கத்தில் இரண்டு விஷயம் மனதில் நிற்கும். ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பாலை அவளால் குடிக்க முடியாது, வயிற்றைப் புரட்டும். மற்றது அவள் வளர்த்த ஹாம்ஸ்டர் என்ற எலி மாதிரியான சின்னப் பிராணி, பெயர் பாம்பி. அது தன் குட்டிகளையே தின்றுவிடும். இதைப் படித்துவிட்டு ஆசிரியர் கொஞ்சம் கூடுதலாகக் கையைப் பிடித்துக் காட்டுகிறாரோ என்று முதலில் யோசித்தேன். ஆனால் பூனை, நாய் வளர்க்கிற வீட்டிலும் இது நடப்பதுண்டு; சின்னப் பிள்ளை அதைக் கண்டுவிட்டு வந்து ‘ஏனம்மா?’ என்று கேட்கும். அந்தத் தாய் அதற்குப் பதில் சொல்லவேண்டி வருகிற இடம் சும்மா சோடிப்புக்காக எழுதப்பட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் புளூம்ஸ் என்று ஒரு ஆசிரியர். பாடப்புத்தகத்துக்கு வெளியே உலகம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டியவர். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி மகளை நெருக்குகிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளையை அறைக்குள் கூப்பிட்டு இருத்தி, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அமைதியாகக் கேள்வி கேட்பது எப்படி இருக்கும் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும். இதற்குமேல் நான் அதை விரிக்கவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். தாயின் குரலும் மகளின் குரலும் பல இடத்தில் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. இப்போது கதைப்பது ஆர் என்று பிடிக்க ஒரு பக்கம் பின்னால் போகவேண்டி வந்தது. பத்து வயதுப் பிள்ளை பேசும் இடத்தில் நாற்பது வயதுப் பெண்ணின் யோசனை வருகிறது. தாயின் சாவு விருப்பம் ஒரு அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து, கடைசி மூன்றில் ஒரு பங்கில் கதையை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆண்கள் இந்த நாவலில் மெல்லிய கோடுகள்தான். தாயின் தகப்பன் மட்டும் விதிவிலக்கு. தன் ஃபிர் மரங்களை வெட்ட வந்த படையினரைத் தடுக்கப்போய் சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வந்தபோது பழைய மனிதன் இல்லை. முதிரை மரமும் பாலை மரமும் நிற்கும் காணிக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, மரத்துக்காக ஒரு மனிதன் ஏன் முன்னால் போய் நின்றார் என்று விளங்கும். 1949 மார்ச்சில் மட்டும் லத்வியாவிலிருந்து 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சைபீரியாவுக்கு ஏற்றிப் போனார்கள். அதைப் பக்கம் பக்கமாக எழுதாமல், குடிக்கிற ஒரு கிழவரை வைத்துச் சொல்லிவிடுகிறார் இக்ஸ்டெனா.

இவர் திடீரென்று இந்தக் கதைக்கு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மகள் பிறந்த நாள்தான் இக்ஸ்டெனாவும் பிறந்த நாள். அதே ரீகா, அதே 1969. இவரது ஒரு நூல், கல்வியாளரும் எழுத்தாளருமான அன்னா ரூமானே-கெனினா என்ற பெண்ணின் வாழ்க்கை வரலாறு. 1998இல் வந்த முதல் நாவலில், தனக்குச் சரியாகத் தெரியாத தாயின் செத்தவீட்டுக்கு மகள் போகிறாள். வந்திருக்கிற சனம் சொல்லும் கதைகளிலிருந்து தாயை அறிகிறாள். அப்போதிருந்தே இந்தத் தாய்-மகள் கணக்கை இவர் எழுதிக்கொண்டிருக்கிறார். ‘சோவியத் மில்க்’ வந்தது ஒரு நாவல் வரிசையில். இருபதாம் நூற்றாண்டை லத்விய எழுத்தாளர்கள் ஆளுக்கொரு காலமாக எடுத்து எழுதிய வரிசை அது. இங்கா கைலே என்ற இன்னொரு பெண் எழுத்தாளரும் அதில் எழுதியிருக்கிறார். எங்களுக்கும் அப்படி ஒரு வரிசை வேண்டும். எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள், கிளினிக் வாங்கில் இருந்து அவர்கள் சொல்லும் கதையை நான் கேட்டிருக்கிறேன். இந்த நாவலை 2023இல் இனாரா கோல்மனே படமாகவும் எடுத்திருக்கிறார். அவரும் பெண்தான்.

தாய் சாகிற வருடம் 1989. அதே வருடம் ஓகஸ்ட் 23இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா மூன்று நாட்டுச் சனமும், இருபது இலட்சம் பேர் அளவில், கையோடு கை கோத்து 600 கிலோமீற்றருக்கும் கூடுதலாக வரிசையில் நின்றார்கள். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைவரை பிடித்தாலும் அவ்வளவு தூரம் வராது. அந்த இலையுதிர்காலத்தில் பேர்லின் சுவரும் விழுகிறது. லத்வியா சோவியத்திலிருந்து முழுதாக விடுபட்டது 1991இல். இந்தத் தாய் அதைக் காணவில்லை. விடுதலை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்திருந்தால் எனக்கு இந்தப் புத்தகத்தில் மரியாதை வந்திராது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் பிள்ளைகளைத் தேடி இருந்த அம்மாமாரில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். காலம் மாறும், அதைக் காண எல்லாருக்கும் உடம்பு இடம் கொடுக்காது என்பதை இக்ஸ்டெனா மறைக்கவில்லை.

இனி, ஆருக்குக் கொடுக்கலாம்? மிட்வைஃப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டாயம். தாதிமாருக்கு, மகப்பேற்று வாட்டில் வேலை செய்யும் டொக்டர்மாருக்கு. தாயோடு கதைப்பதை விட்டுவிட்ட வளர்ந்த மகள்களுக்கு. பிள்ளை பெற்று முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியாத தாய்க்குக் கொடுக்கமாட்டேன். ஆறு மாதம் போகட்டும். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் தனிய இருந்து வாசிக்கவேண்டாம், பக்கத்தில் ஒரு ஆளோடு வாசியுங்கள். பொழுதுபோக்குக்குப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு இது சரிவராது. வாங்குவதென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது இலேசு. இங்கிருந்து இணையத்தில் எடுப்பித்தால் தபால் செலவு புத்தகத்தின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். போனில் மின்னூலாக வாங்குவது மலிவு. ஆனால் இப்படி ஒரு கதையை நான் கடதாசியில்தான் வாசிப்பேன்.

என் பிரதி இப்போது கைமாறிக்கொண்டிருக்கிறது. மாதாந்தக் கூட்டத்துக்கு வந்த மிட்வைஃப்மாருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொன்னேன். முள்ளியவளைப் பக்கத்தில் வேலை செய்யும் இளம் பிள்ளை ஒருத்தி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்: “அக்கா, அந்த மனிசிக்கு ஆரும் பத்தியம் காய்ச்சிக் குடுக்கேல்லையே?” பக்கத்தில் இருந்த மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பத்தியம் என்ன பத்தியம்? என்ன வருத்தம் இருந்தாலும் பிள்ளை அழுதா தூக்கத்தானே வேணும்? அதுவும் டொக்டர்!” என்றார். தூக்க முடியாமல் போகிற வருத்தமும் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று நான் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. புத்தகத்தைத் தந்தால் தானே வாசித்துப் பார்த்துவிட்டு வந்து கதைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். லெனின்கிராட் வரை வந்துவிட்டதாக நேற்று வட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார். செராபிமாவின் புருஷனுக்கு அடித்தது மட்டும் சரியாம்.